சுண்டு தின்னாத பன்

போன வாரம் சுண்டுவின் பள்ளிக்கூடப் பைக்குள்ளிருந்து அவள் அம்மா ஒரு பன் சுற்றிய காகிதத்தை எடுத்ததோடு நிறுத்தியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதி 'பிள்ளையை நம்பச் சொல்லுங்கள்' என்றன. மீதிப் பாதி 'முதுகில் நாலு போடச் சொல்லுங்கள்' என்றன. அடியெல்லாம் விழவில்லை. ஆனால் சனிக்கிழமை சுற்றுலாவுக்கு நீ போக வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டாள். பதினொரு வயதில் நாலு அடியே தேவலை.

இந்தப் பக்கத்துக்கு இன்றைக்குத்தான் வந்தவர்களுக்காகக் கொஞ்சம். கோதுமையில் இருக்கிற குளூட்டன் சுண்டுவின் குடலுக்கு ஆகாது. ஒரு துணுக்கு உள்ளே போனால் போதும், வயிறு உப்பி, வாந்தியெடுத்து, நாலு நாள் சுருண்டு கிடப்பாள். எட்டு வயதில் கண்டுபிடித்தார்கள். பல் ஆஸ்பத்திரி வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருந்த அம்மா அந்த வேலையை விட்டாள். அரிசி மாவிலும் சோள மாவிலும் கேக்கும் பிஸ்கட்டும் சுடக் கற்றுக்கொண்டாள். முதலில் மகளுக்கு, அப்புறம் இதே நோய் இருக்கிற பிள்ளைகள் உள்ள பதினொரு வீடுகளுக்கு. அந்த வீடுகளில் அவளுக்குக் கேக்கம்மா என்று பெயர்.

மூன்று வருடம் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. இரண்டு மாதமாகத் திரும்பவும் வயிற்றுவலி. குளூட்டன் உள்ளே போவதைக் காட்டிக்கொடுக்கிற ரத்தப் பரிசோதனையில், இறங்கிக் கிடந்த எண் மூன்று மடங்கு ஏறியிருந்தது. வெளியே எங்கேயோ சாப்பிடுகிறாள் என்றார் டாக்டர். இல்லை என்றாள் சுண்டு. டாக்டர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். அம்மாவும் அப்படித்தான் பார்த்தாள். அதற்கப்புறம் காகிதம் வேறு கிடைத்தால் கேட்க வேண்டுமா?

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குத் தெருமுனையில் சுற்றுலா பஸ் ஹாரன் அடித்தது. சத்தம் சுண்டுவின் காதில் விழுந்தது. எட்டிப் பார்க்க முடியவில்லை, ஏனென்றால் அந்த வீட்டில் ஜன்னல் திறக்காது. மூன்றாவது மாடி, நேர் கீழே ரொட்டிக்கடை. மாவுத் தூசி பறந்து வந்துவிடும் என்று அம்மா ஜன்னல் இடுக்கு முழுக்கப் பழுப்பு டேப் ஒட்டி வைத்திருக்கிறாள். தூசி வருகிறதோ இல்லையோ, வாசனை மட்டும் விடிந்ததும் எப்படியோ உள்ளே வந்துவிடும். உள்ளே இரண்டு ஓவன் எரிகிற வீட்டில் காற்று வர ஒரு வழி கிடையாது.

அந்த வீட்டுச் சட்டதிட்டங்கள் ஒரு சிறைக்கே போதும். செருப்பு வாசலுக்கு வெளியே. நுழைந்தவுடன் முழங்கை வரை சோப்பு. சுண்டுவின் அப்பா லிஃப்ட் மெக்கானிக். பன் தின்ன ஆசை வந்தால் மாடிப்படியில் உட்கார்ந்து தின்று, சட்டையை உதறி, வாய் கொப்பளித்துவிட்டுத்தான் உள்ளே வருவார். ஊரில் லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களையெல்லாம் இழுத்து வெளியே விடுகிற மனுஷன், சொந்த வீட்டில் மூச்சுவிடக்கூட மனைவியிடம் அனுமதி கேட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கும் யாரோ மாட்டிக்கொண்டார்கள் என்று ஆறு மணிக்கே போன் வந்து கிளம்பிவிட்டார். முகத்தைப் பார்த்தால், ஆளை விட்டால் போதும் என்றிருந்தது.

இன்னொருவர் அத்தை. லிஃப்ட்காரரின் அக்கா. இருபத்தாறு வருடம் பேக்கரியில் நின்றே முழங்கால் தேய்ந்துபோனவர். வேலையை விட்டுவிட்டுப் பத்து வாரத்துக்கு முன்னால் தம்பி வீட்டுக்கு வந்தார். வந்த அன்றே அம்மா அவருடைய கரண்டி, சல்லடை, தராசுத் தட்டு அத்தனையையும் கொதிநீரில் போட்டு எடுத்தாள். அத்தை கோபித்துக்கொள்ளவில்லை. மறுநாளிலிருந்து விடியற்காலை எழுந்து கேக் டின்களைத் தயார்செய்து வைக்கிற வேலையைத் தன் தலையில் போட்டுக்கொண்டார்.

அம்மாவுக்கு அது பெரிய ஒத்தாசை. அரிசி மாவுக் கேக் என்பது வீம்பு பிடித்த சமாச்சாரம். டின்னில் ஒட்டிக்கொண்டு வராது. வந்தாலும் பாதி உடைந்துதான் வரும். அத்தை வந்த பிறகு ஒரு கேக்கும் ஒட்டவில்லை, ஓரம்கூடச் சிதையவில்லை. "எல்லாம் எங்க அண்ணியோட கை ராசி" என்று அம்மா பதினொரு வீட்டிலும் பெருமையடித்தாள்.

அன்றைக்கு நாற்பது கேக். அந்தப் பெற்றோர்களெல்லாம் பிள்ளைகளோடு மாதம் ஒருமுறை ஒரு மண்டபத்தில் கூடுவார்கள். மாலை நாலு மணிக்குக் கூட்டம். எல்லாவற்றையும் முன்னின்று நடத்துகிற பாங்க் மேடம் மூன்று மணிக்குக் காரில் வந்து கேக்கை எடுத்துக்கொண்டு போவதாக ஏற்பாடு. பாங்க்கில் வேலை, அதனால் எல்லாருக்கும் பாங்க் மேடம். அவருக்கு இதே நோயோடு ஒன்பது வயதில் ஒரு பையன்.

முதல் இருபது கேக் வெந்து, கம்பித் தட்டில் ஆறிக்கொண்டிருந்தன. வழக்கமாக இந்த நேரத்தில் அம்மா குளிக்கப் போயிருப்பாள். அன்று மகளோடு பேச்சுவார்த்தை இல்லாமல் அறைக்கும் சமையலறைக்குமாக நடந்து நடந்து அலுத்து, அடுப்பு மேடையில் சாய்ந்து நின்றிருந்தாள். அத்தை இரண்டாவது ஈடு டின்களுக்கு வெண்ணெய் தடவினார். பிறகு தன் துணிப்பைக்குள் கைவிட்டு, மூடியில் ஓட்டை போட்ட ஒரு தகர டப்பாவை எடுத்தார். டின்னுக்கு மேல் கவிழ்த்து இரண்டு தட்டுத் தட்டினார். வெள்ளையாகத் தூவியது. டின்னை உருட்டித் திருப்பி, மிச்சத்தை உதறினார். கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை.

அம்மா சும்மா பேச்சுக்குத்தான் கேட்டாள்.

"அது என்ன மாவு அண்ணி?"

"டின் மாவு."

"அதான், என்ன மாவுல பண்ணது?"

அத்தைக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. "டின்னுக்குப் போடுறதும்மா. ஒட்டாம வர்றதுக்கு. கேக்குல சேராது" என்றார்.

அம்மா டப்பாவை வாங்கி உள்ளங்கையில் கொஞ்சம் தட்டினாள். அரிசி மாவு விரலுக்கிடையில் நறநறக்கும். இது பவுடர் போல வழுக்கியது. குழாயைத் திறந்து நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பிசைந்தாள். அரிசி மாவானால் உதிர்ந்துவிடும், உதிர்ந்துவிட வேண்டும் என்று பிசைந்துகொண்டே இருந்தாள். பிறகு இரண்டு விரலால் பிடித்து இழுத்தாள். அறுந்துவிடாமல் ரப்பர் மாதிரி நீண்டது.

உலகத்தில் அப்படி நீளுகிற மாவு எதுவென்று அவளுக்குத் தெரியாதா? மூன்று வருடமாக அதைத்தானே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வாசலிலேயே தடுத்துக்கொண்டிருந்தாள்.

டப்பா தீரும்போதெல்லாம் கீழே ரொட்டிக்கடையில் ஒரு பிடி வாங்கிக்கொள்வதாக அத்தை சொன்னார். எதையும் ஒளிக்கவில்லை பாவம். வீட்டுக்குள் கோதுமை கூடாது என்பது அவருக்குத் தெரியும். கேக்குக்குக் கலக்குகிற மாவில் அவர் ஒரு சிட்டிகை சேர்த்ததில்லை. ஆனால் இது அவரைப் பொறுத்தவரை மாவே இல்லை. இருபத்தாறு வருடமாக இதை அவர் எடை போட்டதில்லை, அளந்ததில்லை. டின்னுக்கு வெண்ணெய், டின்னுக்கு மாவு, அவ்வளவுதான்.

"எந்தக் குறிப்புலயும் டின் மாவை எழுத மாட்டாங்களேம்மா" என்றார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. கை மேடையைத் தேடியது. ஸ்டூலில் உட்கார்ந்தவர் கம்பித் தட்டில் இருந்த இருபது கேக்கையும் பார்த்துக்கொண்டே இருந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

பத்து வாரம், வாரத்துக்கு இரண்டு ஈடு, பதினொரு வீடு. அதோடு தினமும் மாலை சுண்டுவின் தட்டில் ஒரு துண்டு. வயிறு வலிக்கிறது என்று அழுத நாளில், பாவம் என்று இரண்டு துண்டு.  அம்மாவுக்கு வெளியே போய் நல்ல காற்று வாங்க வேண்டும் போலிருந்தது. ஜன்னலைப் பார்த்தாள். அவள் ஒட்டிய டேப்தான்.

யார் மேல் கோபப்படுவது? அத்தை மேல் படலாம் என்றால் அந்த முகத்தைப் பார்த்து வாய் வரவில்லை. உண்மையில் அவளுக்குத் தன் மேல்தான் ஆத்திரம் பொங்கியது. ஒட்டுகிற கேக் ஒரே நாளில் ஒட்டாமல் வந்ததே, ஏன் என்று ஒருநாள் கேட்டாளா? ராசி என்றாள். புகழ்ச்சி இனித்தது, வாங்கிக்கொண்டாள். மகளின் பையைத் தலைகீழாகக் கொட்டிச் சோதித்தவள் தன் சமையலறையில் ஒரு டப்பாவைத் திறந்து பார்க்கவில்லை.

அத்தை மெதுவாக, ஓரத்தை மட்டும் சீவி எடுத்துவிட்டால் ஆகாதா என்று கேட்டார். அம்மா கத்தியை எடுத்தாள். அதை நான் மறைக்கப் போவதில்லை. ஒரு கேக்கைச் சுற்றிலும் சீவினாள், அடியையும் சீவினாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. கத்தியைப் பார்த்தாள், சீவின கையைப் பார்த்தாள், மேடை முழுக்கச் சிதறின துகளைப் பார்த்தாள். கேக்கை வைத்துவிட்டாள்.

கணவருக்குப் போன் போட்டாள். எங்கோ எட்டாவது மாடிக்கும் ஒன்பதாவது மாடிக்கும் நடுவே ஒருத்தர் மாட்டியிருக்க, அவரிடம் கொஞ்சம் பொறுங்கள் என்று கத்திவிட்டு இவளிடம் பேசினார். விஷயம் முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு அவர் சொன்ன யோசனை ரொம்பச் சுலபமானது. ஓவன் ரிப்பேர், இந்த மாதம் கேக் கிடையாது என்று சொல்லிவிடு. டப்பாவைத் தூக்கிப் போடு. நாளையிலிருந்து சுத்தமாகச் சுடு. பிள்ளைகளுக்குத் தானாகச் சரியாகிவிடும், யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. உண்மையைச் சொன்னால் ஒரு வீடாவது இனிமேல் உன்னிடம் வாங்குமா? அக்காதான் இந்தத் தள்ளாத காலத்தில் எங்கே போவாள்?

தப்பாகச் சொல்லவில்லை என்றுதான் அம்மாவுக்கும் பட்டது. வேலையை விட்டாயிற்று. ஊரில் தனக்கென்று இருப்பது கேக்கம்மா என்கிற அந்த ஒரு பெயர்தான். அதையும் விட்டுவிட்டால் இந்த மூடின வீட்டுக்குள் அவள் யார்? சரி, ஓவன் ரிப்பேர்தான் என்று முடிவுசெய்தாள். ஆனால் சுண்டுவிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அந்தப் பாரத்தோடு ஒரு ராத்திரிகூடப் படுக்க முடியாது.

சுண்டு சுற்றுலாவுக்கென்று வகுப்பில் கொடுத்த மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். போகப்போவதில்லை என்று தெரிந்தும் போட்டுக்கொண்டிருக்கிறாள். அம்மா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். டப்பா, ரொட்டிக்கடை, பத்து வாரம். எங்கேயும் மென்று முழுங்காமல் சொன்னாள்.

சுண்டு திரும்பவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அப்ப நான் பொய் சொல்லல."

"இல்லம்மா. நீ பொய்யே சொல்லல."

"அந்தப் பேப்பர்?"

அம்மா வாய் திறக்குமுன் சுண்டுவே சொன்னாள்.

"அது என் பக்கத்துல உக்கார்றவளோட பன்னு. தின்னுட்டுப் பேப்பரைத் தூக்கிப் போட்டா. நான் எடுத்து வச்சுக்கிட்டேன். மோந்து பாக்க. மூணு நாள் வாசனை இருக்கும்."

அம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்து அடக்கினாள். மகளின் முதுகில் கையை வைத்தாள். சுண்டு அந்தக் கையைத் தள்ளிவிடவும் இல்லை, திரும்பிப் பிடித்துக்கொள்ளவும் இல்லை. எவ்வளவோ சொல்லியிருக்கேன், நீ ஒரு தடவைகூட நம்பலையே என்று அவள் கேட்டிருந்தால் அம்மாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். சுண்டு அதைக் கேட்கவில்லை. எழுந்து உட்கார்ந்து வேறு ஒன்றைக் கேட்டாள். மத்தவங்களுக்கெல்லாம் சொல்லியாச்சா என்றாள்.

ஓவன் ரிப்பேர் என்று சொல்லப்போவதாக அம்மா சொன்னாள். ஏன் என்பதையும் சொன்னாள். அத்தை பாவம் இல்லையா என்றாள். நம் வீட்டுப் பேர் என்றாள். இனிமேல் சுத்தமாகச் சுட்டால் எல்லாப் பிள்ளைகளுக்கும் உடம்பு சரியாகிவிடும், அதுதானே முக்கியம் என்றாள். சொல்லச் சொல்ல அவள் குரல் அவளுக்கே பிடிக்கவில்லை.

சுண்டு பொறுமையாகக் கேட்டாள். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாத பெண் அவள்.

"அவங்க வீட்லயும் வயிறு வலிச்சிருக்கும்ல?"

"ம்."

"அவங்கம்மாவும் பையை எல்லாம் கொட்டிப் பாத்திருப்பாங்கள்ல?"

சுண்டு அதோடு நிறுத்தவில்லை.

"உடம்பு சரியாயிடும்மா. ஆனா அந்தப் பசங்க கடைசி வரைக்கும் பொய் சொன்னவங்களாவே இருப்பாங்களா?"

சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம் பதினொரு நம்பரும் எழுதி ஒட்டியிருக்கும். சுண்டு போய் அந்தத் தாளைக் கிழியாமல் உரித்து எடுத்து வந்தாள். அத்தை அப்போதும் ஸ்டூலில்தான் உட்கார்ந்திருந்தார். தம்பி மகள் எதற்குத் தாளை எடுக்கிறாள் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.  அவள் தலையைத் தடவ கையைத் தூக்கியவர், மாவுக் கை என்று நினைத்தாரோ என்னவோ, எடுத்துக்கொண்டார்.

முதல் நம்பர் பாங்க் மேடம். அவருக்குப் போன் செய்யத்தான் அம்மா ரொம்பப் பயந்தாள். கறாரான பெண்மணி. ஒருமுறை கேக் கால்மணி நேரம் தாமதமானதற்கே அரைமணி நேரம் பேசியவர். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார். மண்டபத்தில் மேசை போட்டாகிவிட்டது, மூன்று மணிக்கு டாணென்று வந்துவிடுவேன் என்று அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டு போனார். ஓவன் என்ற வார்த்தை அம்மாவின் நாக்கு நுனி வரை வந்தது. எதிரே சுண்டு தாளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அம்மா உண்மையைச் சொன்னாள். அண்ணி பெயரை இழுக்கவில்லை. என் சமையலறையில் நடந்தது, நான் பார்க்கவில்லை, தப்பு என்னுடையது என்றாள். தயவுசெய்து வீட்டில் மிச்சமிருக்கிற கேக்கையும் பிஸ்கட்டையும் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள் என்றாள்.

அந்தப் பக்கத்தில் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். கத்தவில்லை.

"எத்தனை நாளா?"

"பத்து வாரமா, மேடம்."

 பாங்க் மேடத்தின் குரல் வந்தது, வழக்கமான குரல் இல்லை.

"போன மாசம் எம்புள்ளைய நான் பெல்ட்டால அடிச்சேன். கடையில திருடித் தின்னுட்டேன்னு ஒத்துக்கற வரைக்கும் அடிச்சேன். ஒத்துக்கிட்டான்."

 போன் ஸ்பீக்கரில் இருந்தது. சுண்டுவும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள்.

"எதையும் தூக்கிப் போடாதீங்க. எல்லாம் அப்படியே இருக்கட்டும். நான் இப்ப வரேன்" என்றார் பாங்க் மேடம். எதற்கு என்று கேட்பதற்குள் வைத்துவிட்டார்.

அதே நேரம் வாசல் கதவு மெல்லச் சாத்தப்படுகிற சத்தம் கேட்டது. அம்மா திரும்பிப் பார்த்தாள். சமையலறையில் ஸ்டூல் காலியாக இருந்தது. துணிப்பையைக் காணோம். முழங்கால் தேய்ந்த மனுஷி இந்த மனநிலையில் மூன்று மாடிப்படியையும் எப்படி இறங்குவார், இறங்கி எங்கே போவார்? ஓடிப் போய்க் கையைப் பிடித்து இழுத்து வர வேண்டும் என்று அம்மா எழுந்தாள். எழுந்தவளுக்கு, அதற்குள் கீழே கார் வந்து நின்றால் என்ன செய்வது என்ற யோசனை வந்தது. அண்ணியைத் துரத்துவதா, மேடத்துக்காகக் காத்திருப்பதா என்று நடுக்கூடத்தில் திகைத்து நின்றாள்.

சுண்டு ஓடிப் போய்க் கதவைத் திறந்து, "அத்தை, அங்கயே படியில உக்காருங்க, நான் வரேன்" என்று குரல் கொடுத்தாள். கீழேயிருந்து பதில் வரவில்லை. கதவைத் திறந்தபடியே போட்டுவிட்டு உள்ளே வந்து போனை அம்மாவின் கையில் திணித்தாள்.

அம்மா மகளின் முகத்தைப் பார்த்தாள். கேட்கக் கூடாத நேரம் என்று தெரிந்தும் கேட்டாள்.

"என் மேல இருக்கற கோவம் போயிடுச்சாடி?"

சுண்டு தாளில் இரண்டாவது நம்பரின் மேல் விரலை வைத்தாள்.

"இன்னும் பத்து வீடு இருக்கும்மா" என்றாள்.